விளையாட்டுத் திறனைக் கண்டறிவோம், காத்து வளர்ப்போம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மேடை ஏறினால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இச்சங்கம் மாலை நேர வகுப்பு நடத்திய கதையும், நோட்டுப் புத்தகம் வழங்கிய கதையும், அதனால் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கையும் இம்மலரின் பிற பக்கங்களில் இருக்கின்றன. அவற்றை நாம் மீண்டும் கூறப் போவதில்லை. இன்று வகுப்பறையை விட்டு வெளியே வந்து, மைதானத்தின் ஓரத்தில் சற்று நேரம் உங்களோடு நிற்க விரும்புகிறோம். அங்கே நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நாம் உண்மையிலேயே பார்க்கிறோமா என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில் ஓர் ஆட்டத்தை அறிமுகப்படுத்துகிறோம். ரக்பி என்று பெயர். உசிலம்பட்டி வட்டாரத்தில் இதனை நேரில் கண்டவர் மிகச் சிலரே. பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவில் இருக்கும். அணிக்கு 15 பேர் ஆடுவது ஒரு வகை. 7 பேர் ஆடுவது மற்றொரு வகை. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் புள்ளி. ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். கபடி ஆடிய நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிடி ஒன்றும் புதியதன்று. ஒரு விதி மட்டுமே நமக்குப் புதுமையாகத் தோன்றும். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது; பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்க வேண்டும். இவ்விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் இதற்கு நாம் திரும்பி வருவோம்.

இவ்வாட்டம் நம் நாட்டு மண்ணை மிதித்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் வெள்ளையர் தமக்குள் அணி பிரித்து ஆடினர். மறு ஆண்டே ஒரு சங்கமும் கண்டனர். சில ஆண்டுகளில் ஆட்கள் குறைந்ததால் சங்கத்தைக் கலைத்து, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தனர். அதன் கைப்பிடிகள் நல்ல பாம்பின் வடிவம்; மூடியின் மேல் யானை. இன்றளவும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காக ஆடி வருகின்றன. வெள்ளி நம்முடையது, யானையும் பாம்பும் நம்முடையவை. ஆனால் அன்று பந்தைத் தொட்ட கைகளில் நம் கை இல்லை.

இந்நிலை மாறக்கூடியதுதான். கரும்புத் தோட்டங்களுக்கெனத் தமிழர் பலரும் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட பிஜித் தீவு, 10 இலட்சத்திற்கும் குறைந்த மக்களைக் கொண்ட நாடு. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி முதன்முறை சேர்க்கப்பட்டபோது, தன்னை ஒரு காலத்தில் ஆண்ட பிரிட்டனை இறுதியாட்டத்தில் 43-7 என்ற கணக்கில் அந்நாடு வென்றது. அதுவே பிஜி பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். எளியோர்க்கு ஆட்டம் வராது என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

அன்பர்களே, திறமை எங்கே பிறக்கிறது, அதை யார் கண்டெடுக்கிறார் என்பதற்கு இரண்டு பாட்டிமாரின் கதையை உங்கள் முன் வைக்கிறோம். ஒருவர் தென்னாப்பிரிக்கப் பாட்டி. மற்றவர் நம் மதுரைப் பாட்டி.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கி வைத்திருந்த கொடுமையை நீங்கள் அறிவீர்கள். சேரியின் பொருள் அறிந்தவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே ரக்பி என்பது நெடுங்காலம் வெள்ளையரின் பெருமைச் சின்னம். 1995ஆம் ஆண்டு அந்நாடு உலகக் கோப்பையை வென்றபோது, நெல்சன் மண்டேலா அணித் தலைவரின் 6ஆம் எண் சட்டையை அணிந்து வந்து கோப்பையை வழங்கினார். அன்று களம் இறங்கிய 15 பேரில் வெள்ளையர் அல்லாதவர் ஒருவரே. செஸ்டர் வில்லியம்ஸ் என்பது அவர் பெயர்.

அப்போது போர்ட் எலிசபெத் நகரை அடுத்த சுவிடே என்னும் குடியிருப்பில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் பாட்டியின் அரவணைப்பில் இருந்தான். சியா கொலிசி என்பது அவன் பெயர். வீட்டில் வயிறார உணவு கிடைக்காத நாட்கள் பல. அப்பகுதித் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரே அவனைப் பந்தின் பக்கம் அழைத்து வந்தவர். 12ஆம் வயதில் ஓர் இளைஞர் போட்டியில், ஆட்டத்திற்கு உரிய அரைக்காற் சட்டை இல்லாமல் உள்ளாடையோடு அவன் ஆடினான். பார்த்துக்கொண்டிருந்த வேறொரு பெரிய பள்ளியின் ஆசிரியர் அவனது உடையைப் பார்க்கவில்லை; ஓட்டத்தைப் பார்த்தார். உதவித்தொகையுடன் தம் பள்ளியில் இடம் வாங்கித் தந்தார். உணவும், தங்குமிடமும், ஆங்கிலக் கல்வியும், காலணியும் அவ்விடத்தோடு சேர்ந்து வந்தன. 2018இல் அவர் தம் நாட்டு டெஸ்ட் ரக்பி அணியின் முதல் கறுப்பினத் தலைவர் ஆனார். 2019இலும் 2023இலும் உலகக் கோப்பையை உயர்த்திப் பிடித்தார். 2019இல் அவர் அணிந்திருந்த எண், மண்டேலா அணிந்த அதே 6.

இனி நம் பாட்டியிடம் வருவோம். மதுரையை அடுத்த சக்கிமங்கலம் நீங்கள் அறிந்த ஊர். அவ்வூரில் இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்த இரு சிறுமியரை வளர்த்தவர் ஆரம்மாள் என்னும் மூதாட்டி. வயல் வேலையும் செங்கல் சூளை வேலையும் செய்தார். பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை, பள்ளிக்கு அனுப்பினார். மூத்த பேத்தி ரேவதி பள்ளி அளவிலான போட்டியில் ஓடியதைப் பயிற்றுநர் கண்ணன் கண்டார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டிக்கு முதலில் மனம் வரவில்லை. வராததில் வியப்பென்ன? வயதுப் பெண்ணை அந்நியர் ஒருவரை நம்பி எப்படி அனுப்புவது? கண்ணன் ஒரு முறை கேட்டு மறுக்கப்பட்டதும் திரும்பிப் போய்விடவில்லை. வீட்டுக்கு வந்து பேசி இசைவு பெற்றார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார்.

ரேவதி வெறுங்காலோடு ஓடியவர். 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தவர், தேசிய முகாமுக்குச் சென்ற பிறகு, அங்கிருந்த பயிற்றுநர் கலினா புக்காரினாவின் அறிவுரையால் 400 மீட்டருக்கு மாறினார். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. அதனால் என்ன? செங்கல் சூளையிலிருந்து ஒலிம்பிக் ஓடுபாதை வரை உள்ள தொலைவை நீங்களே அளந்து பாருங்கள். 400 மீட்டர் அதில் மிகச் சிறிய பகுதி.

இவ்விரு கதைகளிலும் திறமை பிள்ளைக்குள் இருந்தது. வறுமை அதை அழிக்கவில்லை. ஆனால் மூன்று பேர் சேர்ந்தபோதுதான் அது வெளிச்சத்திற்கு வந்தது: பிள்ளையை வேலைக்கு அனுப்ப மறுத்த வீட்டார் ஒருவர், உடையைப் பாராமல் ஓட்டத்தைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், இடமும் உணவும் தந்த நிறுவனம் ஒன்று. மூவரில் ஒருவர் தவறினாலும் கதை வேறாகியிருக்கும்.

நம் முன்னோர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பல்வங்கர் பாலு என்பவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, பூனாவில் வெள்ளையர் சங்கத்தின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளராக இருந்தவர். பயிற்சிக்காக அவரைப் பந்து வீசச் சொன்ன பிறகே அவர் திறமை வெளிப்பட்டது. 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் ஆட்ட இடைவேளையில் தேநீர் அவருக்கு வெளியில், தனிக் குவளையில். இந்து அணியின் தலைமைப் பொறுப்பு கடைசிவரை அவருக்கு வழங்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது கிட்டியது. கண்டெடுப்பது ஒன்று, உரிய இடம் தருவது மற்றொன்று. முன்னதைச் செய்து பின்னதை மறுத்த வழக்கம் இன்று முற்றிலும் மறைந்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். இன்றும் சில மைதானங்களில் ஒரு சிறுவனிடம் "எந்த ஆட்டம்?" என்று கேட்பதற்கு முன் "எந்தத் தெரு?" என்று கேட்பதை நம் காதால் கேட்டிருக்கிறோம்.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் நம் குற்றத்தையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளியில் 8ஆம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வகுப்பிலேயே உயரம் குறைந்தவன். நாள்தோறும் வெகு தொலைவு நடந்து பள்ளிக்கு வருவான். தாமதம் ஆனால் ஓடி வருவான். ஆண்டு விழாவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் பெரிய மாணவர்களோடு ஓடி நான்காவதாக வந்தான். மூன்று பேருக்கே பரிசு. மண்டலப் போட்டிக்குப் பெயர் அனுப்பும்போது உடற்கல்வி ஆசிரியர் அவன் பெயரைச் சொன்னார். "பையன் குள்ளமாக இருக்கிறான், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று சொன்னது வேறு எவரும் அல்லர், நாமே.

அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. தகப்பனாரோடு சூளைக்குப் போய்விட்டான் என்றார்கள். நாம் ஆள் அனுப்பினோமா? இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை நீக்கினோம், அவ்வளவே. நான்கு ஆண்டுகள் கழித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஓர் இளைஞன் அலுவலக வாசலில் வந்து நின்றான். நம்மைவிட அரை அடி உயரம். கால்கள் நீண்டு, தோள் அகன்று, கைகள் மட்டும் காய்த்து வெடித்திருந்தன. யாரென்று தெரிந்ததும் நமக்குப் பேச்சு எழவில்லை. "இப்போதும் ஓடுகிறாயா?" என்று கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டே, "இப்ப ஓடி எங்க சார் போறது?" என்றான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று தொடங்கி நாம் கற்றுக்கொண்டவற்றை இங்கே முறைப்படுத்திச் சொல்கிறோம். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உயரத்தையும் பருமனையும் கண்டு ஏமாறாதீர்கள். பெண் பிள்ளைகள் பொதுவாக 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் விரைந்து வளர்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே வேளையில் வளர்வதில்லை. முந்தி வளர்ந்த பையன் 13 வயதில் எல்லாரையும் வீழ்த்துவான். பிந்தி வளர்பவன் 17 வயதில் அவனை எட்டிப் பிடிப்பான். மேலும் ஒரே ஆண்டில் சனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். இருவர்க்கும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. அந்த ஓராண்டு வளர்ச்சியைத் திறமை என்று எண்ணி, உண்மையான திறமையை நாம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆகவே 14 வயதில் எவரையும் "இவன் தேறமாட்டான்" என்று கழிக்காதீர்கள்.

இரண்டாவது, ஒரு நாள் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்டுக்கு மூன்று முறை, சூலையிலும் நவம்பரிலும் பிப்ரவரியிலும், எல்லாப் பிள்ளைகளையும் அளந்து பாருங்கள். 30 மீட்டர் விரைவோட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், 10 மீட்டர் இடைவெளியில் ஆறு முறை போய்த் திரும்பும் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் ஆகிய நான்கும் போதும். சுண்ணாம்புக் கோடு, அளவு நாடா, கைப்பேசியில் உள்ள கடிகாரம். இவற்றைத் தவிர வேறு கருவி வேண்டா. எழுதி வையுங்கள். யார் முதலிடம் என்பதைவிட, சூலையிலிருந்து பிப்ரவரிக்குள் யார் மிகுதியாக முன்னேறினார் என்று பாருங்கள். கற்றுக்கொள்ளும் வேகமே நாளைய வீரனின் அடையாளம். புதிய அசைவு ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். தானே முயன்று பார்த்துவிட்டு வந்து நிற்பவனைக் கவனியுங்கள். தோற்ற பிறகு மைதானத்தை விட்டுப் போகாமல் "எதில் தவறினேன்?" என்று கேட்கும் பெண்ணைக் கவனியுங்கள்.

மூன்றாவது, பிள்ளையை இளமையிலேயே ஓர் ஆட்டத்திற்குள் பூட்டிவிடாதீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் கைப்பந்து ஆடியவர். உடற்கல்வி ஆசிரியர் இராசேந்திரன்தான் அவரை உயரம் தாண்டச் சொன்னார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். பீகாரின் சிற்றூர்ப் பெண் சுவீட்டி குமாரி ஓட்டப் பந்தய வீராங்கனை. அவரது வேகத்தைக் கண்டு ரக்பிக்கு அழைத்தனர். 2019இல் உலக அளவில் ஆண்டின் சிறந்த இளம் ரக்பி வீராங்கனையாக மகளிர் ரக்பி இதழ் ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒடிசாவின் புவனேசுவரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடக் கல்வி நிறுவனம் ஒன்று உண்டு. கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர். அதன் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் ரக்பி பழகத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, 2007இல் இலண்டனில் நடந்த பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில் வென்று திரும்பினர். காட்டிலும் மேட்டிலும் ஓடி ஏறி இறங்கிய கால்கள் அவை. நம் பிள்ளைகள் ஆடு விரட்டிய கால்களும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. 14 வயது வரை கபடியும் ஆடட்டும், கோ-கோவும் ஆடட்டும், ஓடட்டும், தாண்டட்டும். எது அவர்களுக்கு உரியது என்பதைக் காலம் காட்டும்.

நான்காவது, உடலைக் காத்துப் பழக்குங்கள். ரக்பியைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் முதல் நாளே கட்டிப் புரளச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பழைய வேட்டித் துணியை இரு பட்டைகளாகக் கிழித்து ஒவ்வொருவர் இடுப்பின் இருபுறமும் செருகிவிடுங்கள். ஆளைப் பிடிப்பதற்கு மாறாகப் பட்டையை உருவினால் போதும் என்று ஆடட்டும். உலகெங்கும் சிறுவர்கள் இம்முறையில்தான் தொடங்குகிறார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஆடலாம். பின்னர், தகுந்த பயிற்றுநரின் துணையோடு மட்டுமே பிடியைக் கற்க வேண்டும். எந்த ஆட்டத்திலும் பிள்ளையின் தலையில் அடிபட்டு மயக்கமோ தடுமாற்றமோ வந்தால் அன்றைக்கு அப்பிள்ளை மீண்டும் களம் இறங்கக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஒன்றும் இல்லை, எழுந்து ஆடு" என்பது வீரம் அன்று, அறியாமை.

ஐந்தாவது, வயிற்றைப் பாருங்கள். நண்பகல் சத்துணவு உண்ட பிள்ளை மாலை 5 மணிக்குப் பயிற்சிக்கு நிற்கும்போது வயிறு காலியாக இருக்கும். அந்நேரத்தில் ஓடச் சொல்லிவிட்டு, "களைத்துப் போகிறான், திறமை இல்லை" என்று எழுதுவது நியாயமா? கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கைப்பிடி, வாழைப்பழம் ஒன்று. இவ்வளவையேனும் பயிற்சி நாட்களில் இச்சங்கம் ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.

ஆறாவது, பெண் பிள்ளைகள். இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980களில் நம் உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் பெண் சிசுக் கொலையோடு சேர்த்துப் பேசப்பட்டது. அந்தப் பெயரோடுதான் நாம் வெளியூர்களுக்குச் சென்றோம், தலை குனிந்தோம். அதனைக் கழுவ ஒரே வழி, இவ்வட்டத்துப் பெண்கள் எழுந்து ஓடுவதை நாடு பார்ப்பதுதான். பெண் ஆட வேண்டுமானால் உடை மாற்ற ஓர் அறை வேண்டும், கழிப்பிடம் வேண்டும், இருட்டும் முன் வீட்டில் கொண்டு சேர்க்க நம்பிக்கையான பெண் துணை வேண்டும். பிறகு அவள் தாயிடமோ பாட்டியிடமோ ஒரு முறை அன்று, மூன்று முறை சென்று பேச வேண்டும். ஆரம்மாள் பாட்டி மறுத்ததும் கண்ணன் திரும்பியிருந்தால் ரேவதி இல்லை.

ஏழாவது, வென்ற பிள்ளையைக் கைவிடாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாக, நம் மக்களுள் ஒருவராகப் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் செய்த பிழை எதுவும் இல்லை. பறித்த வேகத்தில் பாதியளவுகூட அவருக்கு ஆதரவு வந்து சேரவில்லை. பல ஆண்டுத் துன்பத்திற்குப் பிறகு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராகித் தம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். உயரே ஏற்றிவிடுவதோடு நம் கடமை முடியவில்லை. ஏணி சரிந்தால் கீழே தாங்குவதற்கும் கைகள் இருக்க வேண்டும். அதற்குத்தான் சங்கம்.

எட்டாவது, புத்தகத்தை விடாதீர்கள். காயம் ஒன்று வந்தால் ஆட்டம் முடிந்துவிடும், கல்வி முடியாது. கொலிசிக்குக் கிடைத்த பெரிய பரிசு பந்து அன்று, பள்ளி. மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரத் தேர்வு நடைபெறுகிறது. உணவும் உறைவிடமும் பயிற்சியும் படிப்பும் ஒருங்கே கிடைக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பெறுவோர்க்கு 1 இலட்ச ரூபாய் பரிசு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு. இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. நம் தெருவுக்கு வந்து சேருவதில்லை. ஏன்? அறிவிப்பு வரும் நாளும் விண்ணப்பத்தின் கடைசி நாளும் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் ஆதார் அட்டையும் ஒரே பெயரில், ஒரே பிறந்த நாளில் இருப்பதில்லை. அவையும் இருந்தால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் வரை போய் வரப் பேருந்துக் கட்டணமும் உடன் செல்ல ஆளும் இருப்பதில்லை. நம் மாணவர்கள் தோற்பது ஓடுபாதையில் அன்று. ஓடுபாதைக்குப் போகும் வழியில்.

இவ்வளவும் கூறிவிட்டு ஒன்றும் கேளாமல் இறங்கினால் இது வெறும் சொற்பொழிவாகிவிடும். ஆதலின் வெள்ளி விழா கொண்டாடும் இச்சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, ஒரு பதிவேடு. நம் குடியிருப்புகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். நான்கு அளவுகள், ஆண்டுக்கு மூன்று முறை. சான்றிதழ்கள் சரியாக உள்ளனவா என்பதற்கு ஒரு கட்டம். பள்ளிக்கு ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் சென்று வந்தார் என்பதற்கு மற்றொரு கட்டம். இந்தக் கடைசிக் கட்டம் நம் பள்ளிப் பதிவேட்டில் அன்று இருந்திருந்தால், சூளைக்குச் சென்ற அந்தப் பையன் இன்று இங்கே மேடையில் அமர்ந்திருக்கலாம்.

இரண்டு, ஒரு சிறு நிதி. கோப்பை வாங்கவும் சுவரொட்டி ஒட்டவும் அன்று. சுண்டலுக்கும், காலணிக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் மட்டும். கணக்கைச் சங்கச் சுவரில் மாதந்தோறும் எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்று, ஆட்கள். இச்சங்கத்தில் படித்து இன்று அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் காவல் துறையிலும் வங்கியிலும் இருக்கும் தம்பி தங்கையர் பலரை இக்கூட்டத்தில் காண்கிறோம். உங்களிடம் பணம் கேட்கவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைக் கேட்கிறோம். கோடு போடவும், நேரம் குறிக்கவும், ஒரு பாட்டியின் திண்ணையில் அமர்ந்து அவர் அச்சத்தைப் பொறுமையாகக் கேட்கவும் ஆட்கள் வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு விதியை மனத்தில் வைக்கச் சொன்னோம். ரக்பியில் முன்னோக்கி ஓடலாம். ஆனால் கையால் பந்தைப் பின்னால் வருபவனிடமே கொடுக்க வேண்டும். முன்னேறிச் சென்றவன் தனித்து நின்றால் பிடிபட்டு வீழ்வான், பந்தும் பறிபோகும். பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்த்து அவன் கையில் பந்தைச் சேர்த்தால், தான் வீழ்ந்தாலும் அணி முன்னேறும். இதைவிட ஒரு கல்விச் சங்கத்துக்குப் பொருத்தமான விதி வேறு உண்டா? நம் தாய் தந்தையர் ஓடிக் களைத்து நம் கையில் தந்தார்கள். நாம் சிறிது தொலைவு கொண்டுவந்திருக்கிறோம். பின்னால் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் உயரம் குறைந்தவனாக இருக்கலாம்; ஒருத்தி வெறுங்காலோடு வரலாம்.

இம்முறை "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று சொல்ல மாட்டோம் என்னும் உறுதியோடு நம் உரையை முடித்துக்கொள்கிறோம்.